அவசரமில்லாத தந்தி: கடலடி கேபிள் காலத்துச் சலுகைக் கட்டணம்

தந்தி என்றாலே நமக்கு அவசரம்தான். "சார், தந்தி" என்று வாசலில் குரல் கேட்டதும், பிரித்துப் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தத் தந்தியிலேயே "மெதுவாகப் போனால் போதும்" என்று எழுதிக் கொடுத்துப் பாதிக் காசு மட்டும் கட்டக்கூடிய ஒரு வகை இருந்தது. கடல் தாண்டிப் போன தந்திகளுக்கு 1912இல் வந்த ஏற்பாடு அது. தந்தி கொடுப்பதே வேகத்துக்காக என்னும்போது, வேகம் குறைந்த தந்தியை யார் வாங்குவார்கள், ஏன் விற்றார்கள்? இதைப் புரிந்துகொள்ளக் கேபிள் தொழிலின் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

அட்லாண்டிக் கடலுக்கடியில் முதல் கேபிள் 1858இல் போடப்பட்டது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்தில் நூறு சொல்கூட இல்லை. அது போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. சில வாரங்களில் அந்தக் கேபிள் செத்தும் போனது. பிறகு 1866இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பிரம்மாண்டமான கப்பல், அயர்லாந்தின் வாலென்ஷியாவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட் வரை இழுத்துப் போட்ட கேபிள்தான் நிலைத்தது. தொடக்கக் கட்டணம் 20 சொற்களுக்கு 20 பவுண்டு. அதற்குக் குறைவாக எழுதினாலும் அதே 20 பவுண்டு. இங்கிலாந்தில் ஒரு விவசாயத் தொழிலாளிக்கு அப்போது வாரத்துக்கு ஒரு பவுண்டுகூடக் கூலி கிடையாது.

1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக இங்கிலாந்துக்குத் தொடர்பு கிடைத்தது. அதையடுத்து 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை கேபிள் நீண்டது. 1872இல் ஆஸ்திரேலியாவும் இந்த வலையில் சேர்ந்தது. அங்கேயும் கட்டணம் சாதாரண மனிதரின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது.

ஏன் அவ்வளவு விலை? செம்புக் கம்பி, அதன்மேல் மலாயாக் காட்டு மரங்களிலிருந்து எடுத்த 'குட்டா பெர்ச்சா' என்ற பிசின், அதற்கும் மேல் இரும்புக் கம்பிக் கவசம் என்று ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குச் செய்து, கப்பலில் ஏற்றி, கடலில் இறக்க வேண்டும். நடுவில் அறுந்தால் தேடிப் பிடித்து ஒட்ட, பழுது பார்க்கும் கப்பல் எப்போதும் தயாராக நிற்க வேண்டும். இத்தனை செலவும் முதல் தந்தி போவதற்கு முன்பே செய்தாகிவிடுகிறது. அப்புறம் அதில் பத்துத் தந்தி போனாலும் ஆயிரம் தந்தி போனாலும் கேபிளுக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். காலி இருக்கையோடு கிளம்பிவிட்ட பஸ்ஸின் அந்த இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. கேபிளில் சும்மா கிடந்த ஒரு மணி நேரமும் அப்படித்தான், போனது போனதுதான்.

கேபிள் நிறையவே சும்மா கிடந்தது. வியாபாரத் தந்திகள் எல்லாம் ஒரே நேரத்தில்தான் வந்து குவியும். லண்டனில் பிற்பகல் மூன்று மணி ஆகும்போது நியூயார்க்கில் காலை பத்து. இரண்டு ஊர்ப் பங்குச் சந்தைகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் கேபிளில் மூச்சுவிட இடம் இருக்காது. நள்ளிரவுக்குமேல் அதே கேபிளில் அமைதி. ஞாயிற்றுக்கிழமை இன்னும் அமைதி. ஊழியர் இருப்பார், மின்கலம் இருக்கும், அனுப்பச் செய்தி இருக்காது.

எஸ்.டி.டி. பூத் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால், தூக்கக் கலக்கத்தோடு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்ற குடும்பங்கள் எத்தனை! பகலில் கடைக்காரர்களும் கம்பெனிகளும் பேசி முடித்த பிறகு மிஞ்சிய நேரம் நமக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. தந்தியிலும் இந்த யோசனை முற்றிலும் புதிதல்ல. இந்தியாவின் உள்நாட்டுத் தந்தியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவசரம், சாதாரணம், தாமதம் என்று மூன்று வகுப்புகள் இருந்தன. கடல் தாண்டும் தந்திக்குத்தான் அது வந்து சேர வெகுகாலம் ஆனது.

கேபிள் கம்பெனிகள் தயங்கியதற்குக் காரணம் பேராசை மட்டும் இல்லை. அவர்களுக்கு ஒரு நியாயமான பயமும் இருந்தது. பாதி விலையில் ஒரு தந்தி விற்றால், இதுவரை முழு விலை கொடுத்த வியாபாரியும் அதற்கே தாவிவிட மாட்டாரா? புதிய ஆட்கள் வருவதற்குள் பழைய வருமானம் கரைந்துவிடும். அப்படியானால் வியாபாரி தாண்ட முடியாத, குடும்பஸ்தர் எளிதாகத் தாண்டக்கூடிய ஒரு வேலி வேண்டும். தாமதம் ஒரு வேலி. பஞ்சு விலை நாளைக்குத் தெரிந்தால் பஞ்சு வியாபாரிக்குப் பிரயோஜனம் இல்லை. குழந்தை பிறந்த செய்தி நாளைக்குத் தெரிந்தாலும் தாத்தாவுக்கு அதே மகிழ்ச்சிதான்.

ஆனால் இதைவிடச் சுவாரசியமான இன்னொரு வேலி இருந்தது. அது சங்கேதச் சொற்களைப் பற்றியது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1870களின் பிற்பாதியிலிருந்து பன்னாட்டுத் தந்திக்குச் சொல் கணக்கில் காசு வாங்கும் வழக்கம் வந்தது. செய்தி மட்டுமல்ல, பெறுபவரின் பெயர், தெரு, ஊர், கடைசியில் அனுப்புபவர் போடும் கையொப்பம் எல்லாமே கணக்கில் சேரும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஒரே சொல்லில் 'தந்தி முகவரி' பதிவு செய்து வைத்துக்கொண்டன. பழைய கடிதத் தாள்களின் தலைப்பில் 'தந்தி:' என்று போட்டு ஒரு சொல் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காசு மிச்சம் பிடிக்க வந்த சொல்.

வியாபாரிகள் அதோடு நிற்கவில்லை. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு சொல் என்று தொகுத்த தடித்தடியான சங்கேத அகராதிகள் அச்சாகின. அனுப்புபவரிடம் ஒன்று, பெறுபவரிடம் ஒன்று. "உங்கள் கடிதம் கிடைத்தது", "பாதியை விற்றுவிட்டோம்", "மாதிரியை உடனே அனுப்பவும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். 1903இல் விதி இன்னும் தளர்ந்தது. வாயால் உச்சரிக்க முடிகிற எந்தப் பத்து எழுத்துக் கோவையையும் ஒரு சொல்லாக ஏற்றுக்கொண்டார்கள். உடனே ஐந்தெழுத்துச் சங்கேதங்களைக் கொண்ட அகராதிகள் வந்தன. இரண்டு ஐந்தெழுத்தை ஒட்டினால் ஒரு சொல்லின் காசில் இரண்டு வாக்கியம்!

இதில் ஆபத்தும் இருந்தது. 1887இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி, கன்சாஸில் இருந்த தன் முகவருக்கு ஒரு சங்கேதத் தந்தி கொடுத்தார். அது கடல் தாண்டாத உள்நாட்டுத் தந்திதான், ஆனால் சங்கேதத்தின் இயல்பு எங்கும் ஒன்றுதான். அதில் 'பே' (bay) என்று ஒரு சொல். அவர்களுடைய சங்கேதத்தில் அதற்கு "நான் வாங்கிவிட்டேன்" என்று பொருள். வழியில் ஓர் எழுத்து மாறி, அது ஆங்கிலத்தில் 'வாங்கு' என்று பொருள்படும் 'பை' (buy) ஆகப் போய்ச் சேர்ந்தது. எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறியில் a, u என்ற அந்த இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. முகவர் மூட்டை மூட்டையாகக் கம்பளி வாங்கிக் குவித்தார். 20,000 டாலருக்கு மேல் நஷ்டம் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1894இல் தீர்ப்பு: சரிபார்க்கத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கூடுதல் காசு கட்டாததால், தந்திக்குக் கொடுத்த 1 டாலர் 15 சென்ட் மட்டுமே திரும்பக் கிடைக்கும். சாதாரண வாக்கியமாக இருந்திருந்தால் படிப்பவருக்குத் தவறு கண்ணில் பட்டிருக்கலாம். சங்கேதத்தில் அதற்கு வழியில்லை.

ஆனாலும் வியாபாரிகள் சங்கேதத்தை விடவில்லை, லாபம் அவ்வளவு. இதன் விளைவைக் கவனியுங்கள். கட்டணப் பலகையில் எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் அகராதி வைத்திருந்த கம்பெனிக்கு ஒரு சொல்லில் ஒரு வாக்கியமோ இரண்டோ அடங்கிவிடும். அகராதி இல்லாத வீட்டுப் பெண்மணி, மகன் நலமா என்று கேட்க ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டும். ஒரே விலை என்று பலகையில் எழுதியிருந்தாலும், சொல்ல வந்த விஷயத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏழைதான் அதிகம் கொடுத்தார்.

இதை மாற்ற வேண்டும் என்று ஓயாமல் குரல் கொடுத்தவர் ஜான் ஹென்னிக்கர் ஹீட்டன். ஆஸ்திரேலியாவில் பத்திரிகைத் தொழில் செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பி, 1885இல் கேன்டர்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்குக் கடிதமும் தந்தியும் எட்டாத விலையில் இருப்பதை நேரில் பார்த்தவர். பிரிட்டிஷ் பேரரசுக்குள் ஒரு பென்னிக்குக் கடிதம் போக வேண்டும் என்று போராடி 1898இல் அதைக் கிட்டத்தட்ட சாதித்தார். அடுத்ததாக ஒரு சொல்லுக்கு ஒரு பென்னி என்ற தந்திக் கட்டணத்தைக் கையில் எடுத்தார். அந்த அளவுக்கு விலை இறங்கவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் கொடுத்த நெருக்கடி வீணாகவில்லை. கனடாவிலிருந்து பசிபிக் வழியாக ஆஸ்திரேலியாவுக்கு அரசுகளே சேர்ந்து போட்ட கேபிள் 1902இல் திறந்ததும், ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சொல்லின் விலை 3 ஷில்லிங் ஆனது. (அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; பென்னியின் பன்மைதான் பென்ஸ்.)

அமெரிக்காவில் வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி நிறுவனம் 1910இல் 'இரவுக் கடிதம்' என்ற உள்நாட்டுச் சேவையைக் கொண்டுவந்தது. பகலில் பத்துச் சொல்லுக்கு வாங்கும் காசில் இரவில் ஐம்பது சொல் அனுப்பலாம், காலையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரவு நேரத்தை விற்க முடியும் என்பது கண்ணெதிரே நிரூபணமானது. அடுத்த ஆண்டே அதே யோசனை 'கேபிள் கடிதம்' என்று அட்லாண்டிக்கைத் தாண்டியது.

அப்புறம்தான் பெரிய மாற்றம். பிரிட்டனின் அஞ்சல் துறை அமைச்சராக ஹெர்பர்ட் சாமுவேல் இருந்தபோது, 1912 ஜனவரி 1 முதல் 'தாமதத் தந்தி' நடைமுறைக்கு வந்தது. கட்டணம் பாதி. முழுக் கட்டணத் தந்திகள் எல்லாம் போன பிறகுதான் இது போகும். 24 மணி நேரம் கடந்தும் போகாவிட்டால், முழுக் கட்டணத் தந்திகளோடு வரிசையில் சேர்த்துவிடுவார்கள். பாதிக் காசு கட்டியவரைக் கடைசி வரைக்கும் காக்க வைக்காத இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

முக்கியமான நிபந்தனை என்னவென்றால், செய்தி தெளிந்த மொழியில் இருக்க வேண்டும், சங்கேதம் கூடாது. அனுப்பும் நாட்டு மொழி, பெறும் நாட்டு மொழி, பிரெஞ்சு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று. எழுதியதற்கு வெளிப்படையான பொருளைத் தவிர மறைபொருள் இல்லை என்று அனுப்புபவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். முகவரிக்கு முன்னால் 'எல்.சி.' என்று தொடங்கும் ஒரு குறி போடுவார்கள். பிரெஞ்சில் 'லாங் கிளேர்', அதாவது தெளிந்த மொழி என்பதன் சுருக்கம். இரண்டாவது வேலி இதுதான். அதுவரை சங்கேதம் வைத்திருந்தவருக்குத்தான் மறைமுகச் சலுகை கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது முதல்முறையாக, வீட்டில் பேசுவதைப் போல எழுதுகிறவருக்கு வெளிப்படையாகவே சலுகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டனிலிருந்து மெல்போர்னுக்கு ஒரு தந்தி. முகவரி மூன்று சொல், செய்தி ஆறு சொல், கையொப்பம் ஒன்று, மொத்தம் பத்து. சொல்லுக்கு 3 ஷில்லிங் என்றால் 30 ஷில்லிங், அதாவது ஒன்றரைப் பவுண்டு. தாமதத் தந்தியில் சொல்லுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஆனால் அந்த எல்.சி. குறியும் ஒரு சொல்லாகக் கணக்கில் சேரும், ஆகப் பதினொன்று. மொத்தம் 16 ஷில்லிங் 6 பென்ஸ். கிட்டத்தட்டப் பாதிதான். ஆனாலும் அது இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. சலுகை என்றதும் எல்லோர் கைக்கும் எட்டிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. குமாஸ்தா, ஆசிரியர், சிறு கடைக்காரர் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்குத்தான் கதவு முதலில் திறந்தது.

இப்போது தந்தி நிலையத்துக்குள் போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தின் கோர்ன்வால் கடற்கரையில் போர்த்கர்னோ என்று ஒரு சின்ன ஊர். இந்தியாவுக்குப் போன கேபிள் கரையிலிருந்து கடலுக்குள் இறங்கிய இடம் அது. ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்ட்ரியா, சூயஸ், ஏடன், பம்பாய் என்று வழி நீளும். நடுவில் இருந்த நிலையங்களில் வரும் செய்தியை ஓர் ஊழியர் படித்து, அடுத்த கேபிளில் மறுபடி அடித்து அனுப்ப வேண்டும். ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து மை கசிந்து, நகரும் காகிதப் பட்டையில் அலைபோல ஒரு கோடு வரையும். அலை மேலே எழும்பினால் மோர்ஸ் புள்ளி, கீழே இறங்கினால் மோர்ஸ் கோடு. அந்த நடுங்கும் கோட்டைக் கண்ணால் பார்த்தே படிப்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் முழுக் கட்டணத் தாள்கள் முதலில் போகும், எல்.சி. தாள்கள் ஒதுங்கி நிற்கும். ராத்திரி வேலைக்காரர் அந்தத் தாள்கட்டை எடுத்து ஒவ்வொன்றாக அனுப்புவார். தாமதத் தந்தி என்றால் மெதுவாகப் போகும் தந்தி என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியில் ஏறிவிட்டால் அதற்கும் அதே வேகம்தான். தாமதம் எல்லாம் இந்தத் தாள்கட்டுக்குள் காத்திருப்பதில்தான்.

அதையடுத்துச் சலுகைகள் கிளை விட்டன. வார இறுதிக் கடிதம் என்று ஒன்று வந்தது. சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் ஞாயிறு அன்று காலியாக இருக்கும் கேபிளில் அனுப்பி, வாரத் தொடக்கத்தில் சேர்ப்பார்கள். இத்தகைய கடிதத் தந்திகளில் இன்னும் ஒரு சிக்கனமும் செய்தார்கள். கடலைத் தாண்டும் வரைதான் தந்தி, கரை சேர்ந்தபின் சாதாரணத் தபால். லண்டனில் வந்து இறங்கிய செய்தியைச் சேவகன் மூலம் ஓட்டமாகக் கொடுத்தனுப்பாமல், உறையிலிட்டுத் தபாலில் சேர்த்துவிடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும் கடல் பயணம் மிச்சமானபின், கரையில் ஒரு நாள் கூடுதலாவது ஒரு பொருட்டல்ல.

மூன்றாவது வேலியும் இங்கேதான் வந்தது: குறைந்தபட்சச் சொல் எண்ணிக்கை. 1930களில் கடிதத் தந்திக்கு முழுக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் குறைந்தது 25 சொற்களுக்குக் காசு கட்டியாக வேண்டும். காரணம் எளிது. தாளை வாங்குவது, பதிவது, முகவரியைத் தேடிச் சேர்ப்பது என்ற வேலைகள் இரண்டு சொல் தந்திக்கும் இருபது சொல் தந்திக்கும் ஒன்றுதான். கேபிளில் இடம் மலிவு என்பதற்காக மனித உழைப்பு மலிவாகிவிடாது.

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் இந்தச் சலுகைகள் எல்லாம் நின்றன. பிறகு திரும்பி வந்தபோதும் கேபிள்களில் அரசுச் செய்திகளின் நெரிசல். சும்மா கிடக்கும் நேரம் இல்லையென்றால் சலுகைத் தந்திக்கு உயிரே இல்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. போருக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் நிலைமையைத் தலைகீழாக்கின. ஒன்று, 1924இல் நியூயார்க்கிலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போட்ட கேபிள். செம்புக் கம்பியின்மேல் 'பெர்மலாய்' என்ற உலோகக் கலவையைச் சுற்றியதில், பழைய கேபிள்களைப் போலப் பல மடங்கு எழுத்துகள் ஒரு நிமிடத்தில் போயின. இன்னொன்று மார்க்கோனியின் சிற்றலைக் கம்பியில்லாத் தந்தி, அதாவது கேபிளே இல்லாமல் வானொலி அலையில் போகும் தந்தி. 1926இல் கனடா, 1927இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று வரிசையாகத் திறந்து, கேபிளைவிடக் குறைந்த கட்டணத்தில் செய்தி அனுப்பத் தொடங்கியது. கேபிள் கம்பெனிகள் ஆடிப்போயின. கேபிளையும் கம்பியில்லாத் தந்தியையும் 1929இல் ஒரே நிறுவனமாக இணைத்தார்கள். 1934இல் அதன் பெயர் 'கேபிள் அண்ட் வயர்லெஸ்' ஆனது. 1938இல் பிரிட்டிஷ் பேரரசுக்குள் எங்கிருந்து எங்கே அனுப்பினாலும் முழுக் கட்டணம் சொல்லுக்கு அதிகபட்சம் 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்று வந்தது. கடிதத் தந்தி அதைவிடவும் மலிவு.

இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். எண்ணிட்ட ஆயத்த வாசகங்களின் பட்டியல் ஒன்று: கடிதங்கள் கிடைத்தன என்று ஒன்று, பிறந்தநாள் வாழ்த்து ஒன்று, கவலைப்பட வேண்டாம் என்று ஒன்று. அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தால் போதும். கேபிளில் எண்கள் மட்டும் போகும், மறுமுனையில் அதை வாக்கியமாக எழுதிக் கொடுப்பார்கள். ஒருகாலத்தில் கம்பளி வியாபாரியின் மேசையில் இருந்த சங்கேத அகராதி, கடைசியில் தந்தி ஆபீஸ் சன்னலுக்கே வந்து, எழுத்தறியாத சிப்பாயின் தாய்க்கும் வேலை செய்தது. நம் ஊரில் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எண்ணைச் சொல்லி வாழ்த்துத் தந்தி கொடுத்தோமே, அதுவும் இதே வழிதான்.

போருக்குப் பிறகு பலவகைச் சலுகைகளும் ஒன்றாகக் கரைந்து 'எல்.டி.' (ஆங்கிலத்தில் 'லெட்டர் டெலிகிராம்') என்ற கடிதத் தந்தியாக நின்றன. பாதிக் கட்டணம், குறைந்தது 22 சொல். அதாவது முழுக் கட்டணத்தில் 11 சொல்லுக்கு ஆகும் காசு. அதற்கும் குறைவாகச் சொல்லவேண்டியிருந்தால் இதில் லாபம் இல்லை, அதற்குமேல் என்றால் லாபம்.

எழுதுகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எல்.டி. என்ற குறிக்கு ஒன்று, முகவரிக்கு ஐந்து, கையொப்பத்துக்கு ஒன்று, ஆக ஏழு போயிற்று. "பத்திரமாக வந்துசேர்ந்தேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே சொல், ஒன்பது. எண்பது ஆண்டுகளாக ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி வெட்டிப் பழகிய கைக்கு, கட்டிய காசில் இன்னும் பதின்மூன்று சொல் மீதி இருந்தது. அந்தப் பதின்மூன்றில்தான் கடல் பயணத்தில் வாந்தி எடுக்கவில்லை, குளிருக்குச் சட்டை வாங்கியாயிற்று, அம்மாவிடம் சொல்லவும் என்பதெல்லாம் தந்தியில் ஏறியது.